கை கொடுத்த டாக்டர்

மாமல்லபுரம் கடற்கரையில் பாறையைக் குடைந்து கோயில் செய்தார்கள் பல்லவர் காலத்துச் சிற்பிகள். ஒரு கையில் உளி. மறு கையில் சுத்தி. அடி கொஞ்சம் தவறினால் விரல் நசுங்கும். வலிக்கும் என்ற பயம் இருந்ததால்தான் அந்தக் கைகள் அளந்து அடித்தன. கல்லும் அழகானது, கையும் பிழைத்தது.

அந்தக் கடற்கரையை விட்டுத் திருக்கழுக்குன்றம் வழியாக மேற்கே வந்தால் செங்கற்பட்டு. அதை அடுத்துள்ள திருமணியில் ஒரு தொழுநோய் மருத்துவமனை இருந்தது. லேடி வில்லிங்டன் மருத்துவமனை என்று பெயர். அங்கே இருந்தவர்களில் பலருடைய கைகளுக்கு வலியே தெரியாது. நெருப்புச் சுட்டாலும் தெரியாது. கத்தி வெட்டினாலும் தெரியாது.

வலி இல்லாவிட்டால் நல்லதுதானே என்று தோன்றும். அது எவ்வளவு பெரிய ஆபத்து என்பதை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர் ஒரு டாக்டர். அவர் பெயர் பால் பிராண்டு.

செங்கற்பட்டில் ஒரு கைகுலுக்கல்

1947-ம் ஆண்டு. பால் பிராண்டு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் எலும்பு சிகிச்சை நிபுணராக இருந்தார். அந்தக் கல்லூரியின் தலைவராக இருந்த டாக்டர் ராபர்ட் காக்ரேன், தொழுநோய் சிகிச்சையில் பெயர் பெற்றவர். திருமணி மருத்துவமனையும் அவர் மேற்பார்வையில்தான் இருந்தது. அதைச் சுற்றிப் பார்க்க அவர் பிராண்டை அழைத்து வந்தார்.

பிராண்டின் கண்கள் நோயாளிகளின் கைகளையே பார்த்தன. சிலருக்கு விரல்கள் பறவையின் நகம்போல் மடங்கிக் கிடந்தன. சிலருக்கு விரல்களே இல்லை. இந்தக் கைகளுக்கு ஏன் ஒருவரும் ஆபரேஷன் செய்யவில்லை என்று கேட்டார். காக்ரேன் திருப்பிக் கேட்டார். எலும்பு டாக்டர் நானா, நீங்களா என்று கேட்டார். இத்தனை லட்சம் பேர் ஊனப்பட்டுக் கிடக்க, இவர்களைத் திரும்பிப் பார்க்க ஒரு எலும்பு டாக்டர்கூட வரவில்லையே என்று வருந்தினார்.

பிராண்டு ஓர் இளைஞரின் அருகில் போனார். தம் கையை நீட்டி, முடிந்த மட்டும் அழுத்தச் சொன்னார். மடங்கிய விரல்களில் பலம் இருக்காது என்பது அவர் எண்ணம். ஆனால் அந்தக் கை இடுக்கிபோல் இறுக்கியது. நகங்கள் சதையில் பதிந்தன. டாக்டர் வலி தாங்காமல் விடச் சொன்னார். தாம் இவ்வளவு பலமாக அழுத்துகிறோம் என்பது அந்த இளைஞருக்கே தெரியவில்லை!

அந்த ஒரு நொடியில் டாக்டருக்கு இரண்டு உண்மைகள் புலப்பட்டன. செத்துப்போனது என்று எல்லோரும் கைவிட்ட கையில் நல்ல தசைகள் உயிரோடு இருக்கின்றன. ஆனால் அந்தக் கைக்கு உணர்ச்சி இல்லை. அவருடைய வாழ்க்கை அன்றோடு திசை மாறியது.

கொல்லிமலைப் பிள்ளை

பால் பிராண்டு வெள்ளைக்காரர். ஆனால் பிறந்தது தமிழ்நாட்டில். 1914-ம் ஆண்டு ஜூலை 17-ந் தேதி பிறந்தார். கொல்லிமலையில் வளர்ந்தார். தந்தை ஜெஸ்ஸி, தாய் ஈவ்லின். இருவரும் சமயப்பணிக்காக இங்கிலாந்திலிருந்து வந்தவர்கள். மலைவாசிகளுக்கு மருந்து கொடுத்தார்கள். வீடு கட்டவும் பயிர் செய்யவும் கற்றுக் கொடுத்தார்கள். பாலும் தங்கை கோனியும் மலைப் பிள்ளைகளோடு மரம் ஏறி விளையாடினார்கள். தமிழ் பேசி வளர்ந்தார்கள்.

ஒன்பது வயதில் அவரைப் படிக்க இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். அதன்பின் அவர் தந்தையைப் பார்க்கவே இல்லை. 1929-ம் ஆண்டு மலைக்காய்ச்சல் கண்டு தந்தை இறந்தார். செய்தி தந்தியில் வந்துவிட்டது. தந்தை முன்பே எழுதிய கடிதம் கப்பலில் மெதுவாக வந்து, அதற்குப் பிறகுதான் மகன் கைக்குக் கிடைத்தது.

இரத்தத்தையும் சீழையும் கண்டால் இளம் பாலுக்குக் குமட்டும். டாக்டர் தொழிலே வேண்டாம் என்றார். தந்தையைப்போல் வீடு கட்டப் போகிறேன் என்று கொத்து வேலையும் தச்சு வேலையும் கற்றார். பிறகு, வெளிநாட்டில் தொண்டு செய்யப் போகிறவர்களுக்கான மருத்துவ வகுப்பில் சேர்ந்தார். அப்போது ஒரு நாள் மருத்துவமனைக்கு ஓர் இளம் பெண்ணைக் கொண்டு வந்தார்கள். இரத்தம் எல்லாம் போய், பிணம்போல் வெளுத்திருந்தாள். இரத்தம் ஏற்றினார்கள். கன்னம் சிவந்தது, கண் திறந்தாள், தண்ணீர் கேட்டாள். பார்த்துக்கொண்டிருந்த பாலின் மனம் மாறிவிட்டது. லண்டனில் முறையாக மருத்துவம் படித்தார். உடன் படித்த மார்கரெட்டை 1943-ம் ஆண்டு மணந்தார். ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்ட நாட்களில், காயம் பட்டவர்களுக்கு ஆபரேஷன் செய்து கை தேர்ந்தார். 1946-ம் ஆண்டு, காக்ரேனின் அழைப்பின் பேரில் வேலூருக்கு வந்து சேர்ந்தார்.

நள்ளிரவுப் பயணம்

தொழுநோய் கையை எப்படிக் கெடுக்கிறது? அதைக் கண்டுபிடிக்க நரம்புகளைத் திறந்து பார்க்க வேண்டும். அந்த நாட்களில் ஒரு சமயம், செங்கற்பட்டு மருத்துவமனையில் ஒரு நோயாளி இறந்துவிட்டார், உடலை ஆராயலாம் என்று செய்தி வந்தது. நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தூரம். பிராண்டு இரவோடு இரவாகப் புறப்பட்டார். விளக்கு வெளிச்சத்தில் விடிய விடிய வேலை செய்தார்.

நரம்புகள் எல்லா இடத்திலும் கெட்டிருக்கவில்லை. முழங்கை, மணிக்கட்டு, முழங்கால், கணுக்கால் போன்ற இடங்களில்தான் வீங்கியிருந்தன. தோலுக்கு அருகே நரம்பு வரும் இடங்கள் அவை. தசைக்கு அடியில் ஆழமாகச் செல்லும் இடங்களில் நரம்பு நன்றாகவே இருந்தது. தொழுநோய்க் கிருமிக்கு உடம்பின் குளிர்ந்த பகுதிகளே பிடிக்கும் என்பது பின்னால் தெளிவாயிற்று.

இதனால்தான் உள்ளங்கையின் சிறு தசைகள் செயலற்றுப் போகின்றன. முன்கையின் பெரிய தசைகள் தப்பிக்கின்றன. அப்படியானால், நல்ல தசையின் நாண் ஒன்றை எடுத்து விரலோடு இணைத்தால் என்ன? தச்சர் ஒருவர் பழைய கதவின் நல்ல பலகையை எடுத்து வேறு இடத்தில் பொருத்துவதுபோல! 1948-ம் ஆண்டு அந்த ஆபரேஷனைத் தொடங்கினார். மடங்கிய விரல்கள் நிமிர்ந்தன. கை சோற்றை எடுத்து வாயில் வைத்தது.

பயிற்சியே பாதி வைத்தியம்

ஆபரேஷனோடு வேலை முடியவில்லை. வேறொரு வேலை செய்துவந்த தசை, இப்போது விரலை அசைக்க வேண்டும். அதை மூளை புதிதாகப் படிக்க வேண்டும். மூன்று வாரம் கட்டில் இருந்த கையைப் பிரித்ததும் பயிற்சி தொடங்கும். மெழுகு ஒத்தடம், எண்ணெய் தேய்த்தல், விரலை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டுதல் என்று தினமும் நடக்கும். ரூத் தாமஸ் என்ற பெண்மணி இந்தப் பயிற்சிகளை நடத்தினார். பிசியோதெரபி என்றும் இயன்முறை மருத்துவம் என்றும் நாம் இன்று சொல்வது இதைத்தான். பயிற்சி செய்யாதவரின் கை, நல்ல ஆபரேஷனுக்குப் பிறகும் விறைத்துப்போகும் என்று பிராண்டு கண்டிப்பாகச் சொல்வார்.

இன்னொரு சிக்கலும் வந்தது. குணமான சிலர் வருத்தத்தோடு திரும்பி வந்தார்கள். கை நன்றாக இருப்பதால் யாரும் பிச்சை போடவில்லை. நோய் இருந்தவர் என்பதால் யாரும் வேலையும் கொடுக்கவில்லை. பாதி வழியில் விட்டுவிட்டோமே என்று டாக்டர் கலங்கினார். வேலூர் கல்லூரி வளாகத்திலேயே சிறு குடிசைகள் போட்டு, புதுவாழ்வு நிலையம் தொடங்கினார். அங்கே இளைஞர்கள் தங்கித் தொழில் கற்றார்கள். தச்சு வேலை சொல்லிக் கொடுத்தவர் டாக்டரேதான். இளமையில் கற்ற தொழில் வீண் போகவில்லை.

துருப்பிடித்த பூட்டு

ஒரு நாள் கிடங்கின் கதவைத் திறக்க டாக்டர் முயன்றார். பூட்டு துருப்பிடித்திருந்தது. சாவி அசையவில்லை. அருகில் நின்ற சிறுவன் ஒருவன் சாவியை வாங்கி ஒரே திருப்பாகத் திருப்பினான். பூட்டு திறந்தது. தரையில் இரத்தம் சொட்டியது. சாவி அவன் விரலை எலும்பு தெரிய வெட்டியிருந்தது. அவனோ சிரித்துக்கொண்டு நின்றான்!

அன்று தொடங்கியது ஒரு துப்பறியும் வேலை. தினமும் ஒவ்வொருவருடைய கையையும் காலையும் பார்த்தார்கள். புதிய காயம் எங்கே, எப்படி வந்தது என்று விசாரித்து எழுதி வைத்தார்கள். ஒருவருக்குச் சூடான லாந்தர் சுட்டிருந்தது. ஒருவருக்கு ரம்பத்தின் பிடி உரசியிருந்தது. சிலருக்கு இரவில் தூங்கியபோது காணாமல் போயிருந்தது விரலின் நுனி. ஒளிந்திருந்து பார்த்ததில், எலி கடிப்பது தெரிந்தது. வலிக்காததால் அவர்கள் விழிக்கவே இல்லை. உடனே பூனை வளர்க்கச் சொன்னார்கள். பிறகு அங்கிருந்து ஊருக்குப் போகிறவர்கள் கையோடு ஒரு பூனையையும் கொண்டு போவது வழக்கமாயிற்று.

தொழுநோய் வந்தால் விரல்கள் தானாக அழுகி விழும் என்று உலகமே நம்பியிருந்தது. அது பொய் என்று பிராண்டு காட்டினார். நோய் உணர்ச்சியைத்தான் எடுக்கிறது. விரலைத் தின்பது கவனிக்காத காயம். காயத்தைத் தடுத்தால் விரல் நிற்கும். கருவிகளுக்கு அகலமான பிடி, காலுக்கு மெத்தென்ற ரப்பர் செருப்பு, புண் வந்தால் முழு ஓய்வு. மருந்தைப்போலவே இவையும் அவசியம் என்றார்.

ஊசி குத்திய மகிழ்ச்சி

ஒரு முறை அமெரிக்காவில் சுற்றுப்பயணம் முடித்து லண்டனில் தங்கினார். இரவில் காலுறையைக் கழற்றினார். குதிகாலில் உணர்ச்சி இல்லை. ஊசியால் குத்தினார். தெரியவில்லை. தமக்கும் நோய் வந்துவிட்டது என்று முடிவு செய்தார். மனைவி மக்களை விட்டுப் பிரிய வேண்டுமே என்று அந்த இரவு முழுவதும் தூங்கவில்லை. விடிந்ததும் மறுபடி குத்திப் பார்த்தார். சுரீர் என்று வலித்தது. துள்ளிக் குதித்தார்! ரயிலில் வெகுநேரம் அசையாமல் உட்கார்ந்து வந்ததில் கால் மரத்திருந்தது, அவ்வளவுதான். வலியைவிடப் பெரிய வரம் இல்லை என்று அன்று முதல் அவர் எல்லோரிடமும் சொன்னார்.

1954-ம் ஆண்டு மேரி வர்கீஸ் என்ற இளம் டாக்டர் கார் விபத்தில் முதுகெலும்பு முறிந்து, இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி கை ஆபரேஷன் செய்யலாமே என்று பிராண்டு தூண்டினார். மேரி அப்படியே செய்தார். பின்னால் வேலூரில் ஊனமுற்றோருக்கான மறுவாழ்வு மருத்துவத்தையே வளர்த்தார்.

உலகம் கற்ற பாடம்

1960-ம் ஆண்டு பிராண்டுக்கு லாஸ்கர் விருது கிடைத்தது. 1966-ல் அமெரிக்காவில் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே அவர் இன்னொன்றைக் கவனித்தார். நீரிழிவு நோயாளிகளின் கால்களிலும் அதே புண், அதே உணர்ச்சியின்மை. செங்கற்பட்டிலும் வேலூரிலும் கற்ற பாடம் அவர்களுடைய கால்களையும் காப்பாற்றியது. 2003-ம் ஆண்டு ஜூலை 8-ந் தேதி, 88-வது வயதில், சியாட்டில் நகரில் காலமானார்.

திருமணி மருத்துவமனையை 1955-ம் ஆண்டு மத்திய அரசு ஏற்று, தொழுநோய்ப் பயிற்சி ஆராய்ச்சி நிலையமாக ஆக்கியது. தொழுநோயை இன்று மாத்திரையாலேயே அடியோடு குணப்படுத்தலாம். அரசு மருத்துவமனைகளில் மருந்து இலவசம். உடம்பில் வெளுத்த தேமல் தோன்றி, அந்த இடத்தில் உணர்ச்சி இல்லை என்றால், மறைக்காமல் டாக்டரிடம் காட்டுவதே நல்லது.

இப்போது நம் வீடுகளில் சர்க்கரை வியாதிக்காரர் இல்லாத வீடு அபூர்வம். அவர்கள் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. செருப்பைப் போடுமுன் உதறிப் பார்க்க வேண்டும். இரவில் உள்ளங்காலைப் பார்ப்பதும் அவசியம். குனிய முடியாத தாத்தாவுக்குப் பேரன் பார்த்துச் சொல்லலாம். சின்னச் சிவப்பு, சின்னக் கொப்புளம் கண்டாலும் அலட்சியம் கூடாது. அந்தக் கால் வலிக்கிறது என்று சொல்லாது. வீட்டில் இருப்பவர்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.