பாஸ்கராசாரியரும் பெயரறியா எண்ணும்

எண்ணையும் எழுத்தையும் மாந்தர்க்கு இரு கண்களெனப் போற்றுதல் நம்மவர் மரபு. பாடசாலையில் அவ்விரண்டும் வெவ்வேறு பாட நேரங்களில், வெவ்வேறு ஆசிரியர் கையில் வளர்கின்றன. எண் இருக்கவேண்டிய இடத்தில் எழுத்து வந்து அமர்வது அட்சரகணிதத்திலேயாம். கீழ்வகுப்பு மாணவர் பலர் திகைத்து நிற்பதும் அவ்விடத்திலேதான்.

கணித ஆசிரியர் வாராத நாளொன்றிலே, தமிழாசிரியனாகிய யான் அவருடைய வகுப்பைப் பார்த்துக்கொள்ள நேர்ந்தது. முதல்நாள் எழுதிய சமன்பாடு கரும்பலகையில் அழியாதிருந்தது. கணக்கில் வல்லவனெனப் பெயர்பெற்ற மாணவனொருவன் எழுந்து, அவ்வெழுத்து உண்மையில் எந்த எண் என்றும், அறியாத ஒன்றை அறிந்தது போல வைத்துக் கூட்டுவதும் கழிப்பதும் எவ்வாறு தகும் என்றும் வினாவினான். யான் இலக்கணத்திலுள்ள சுட்டுப்பெயரை உவமை காட்டி ஏதோ கூறி அவனை அமர்த்தினேன். அவன் முகம் தெளியவில்லை. அவ்வினாவை எண்ணூறாண்டுகளுக்கு முன்னரே எதிர்கொண்டு, மாணாக்கர் பொருட்டு நூலும் இயற்றிய பேராசான் ஒருவரின் சரித்திரத்தை இவ்விழா மலரில் எழுதத் துணிந்தது அக்குறையைத் தீர்த்தற்பொருட்டேயாம்.

பாஸ்கரர் என்னும் பெயருடைய கணித நூலார் இருவர் உளர். முன்னவர் ஏழாம் நூற்றாண்டினர். ஈண்டுக் கூறப்படுபவர் பின்னவர்; பாஸ்கராசாரியர் எனச் சிறப்பிக்கப்படுபவர். இவர் சக ஆண்டு 1036 இல், அஃதாவது கி.பி. 1114 இல் பிறந்தவர். பிறந்த ஆண்டையும், தம் பெருநூலை முடித்தபோது தமக்கிருந்த வயதையும் தாமே தம் நூலிற் குறித்து வைத்தமையால் இதில் ஐயத்துக்கு இடமில்லை. பழம்பெரும் ஆசிரியர்களின் காலத்தை ஆராய்ந்து ஆராய்ந்து அலுத்த எம்போன்றார்க்கு இஃதொன்றே அவர்மேல் அன்பு கொள்ளப் போதுமானது.

சகியாத்திரி மலைச்சாரலிலுள்ள விஜ்ஜடவிடம் என்னும் ஊரைத் தம் ஊராக அவர் குறிப்பிடுகின்றார். தந்தையார் மகேசுவரர், சோதிடத்திலும் வானநூலிலும் வல்லவர். மைந்தருக்கு ஆசிரியரும் அவரே. அக்குலத்து முன்னோர் ஒருவர் போசராசனிடம் வித்தியாபதி என்னும் பட்டம் பெற்றவர் எனக் கல்வெட்டொன்று கூறும். பாஸ்கரர் உச்சயினி வானாராய்ச்சி நிலையத்துக்குத் தலைவராயிருந்தார் எனச் சில நூல்கள் எழுதிச் செல்கின்றன. அக்குலத்தவரின் கல்வெட்டு அவ்வாறு கூறவில்லையாதலின் யான் அதனை ஏற்றுக்கொள்ளத் துணியேன்.

1150 ஆம் ஆண்டில், தமது முப்பத்தாறாம் வயதில், சித்தாந்த சிரோமணி என்னும் நூலை அவர் இயற்றி முடித்தார். லீலாவதி, பீசகணிதம், கிரககணிதம், கோளாத்தியாயம் என அது நான்கு பகுதிகளை உடையது. முன்னிரண்டும் கணிதம்; பின்னிரண்டும் வானநூல். லீலாவதியைப் பற்றி ஒரு கதை வழங்குகின்றது. லீலாவதி அவருடைய மகளாம். அவளது மணத்துக்குரிய நல்ல நாழிகை ஒன்றே எனக் கணித்து, நீர்க்கடிகை வைத்துத் தந்தையார் காத்திருந்தாராம். எட்டிப் பார்த்த சிறுமியின் அணியிலிருந்து முத்தொன்று உதிர்ந்து கடிகையின் துளையை அடைத்துவிட, நாழிகை கடந்துபோயிற்றாம். அவள் துயர் ஆற்றுதற்கு அவள் பெயரால் நூல் செய்தாராம். நெஞ்சை உருக்கும் கதைதான். எனினும் இது 1587 இல் அக்பருடைய அவைப்புலவர் பைசி செய்த பாரசீக மொழிபெயர்ப்பினாற் பரவிய கதை. பாஸ்கரரின் நூலில் இதற்கு ஆதாரம் இல்லை. கணக்குகளில் அவர் ஓரிடத்திற் பெண்ணொருத்தியையும், பிறிதோரிடத்தில் நண்பனையும், மற்றோரிடத்தில் வணிகனையும் விளித்து வினாவுகின்றார். மகள் உண்டோ இல்லையோ, எதிரில் ஒருவரை இருத்தி வைத்துப் பேசும் ஆசிரியர் அவர் என்பது மாத்திரம் உறுதி.

லீலாவதியிலுள்ள கணக்கொன்றைக் காண்போம். ஒருவர் ஒரு குவியல் தாமரை மலர்களில் மூன்றிலொரு பங்கு சிவபெருமானுக்கும், ஐந்திலொரு பங்கு திருமாலுக்கும், ஆறிலொரு பங்கு சூரியனுக்கும், நாலிலொரு பங்கு தேவிக்கும் சாத்தினார். எஞ்சிய ஆறு மலரையும் குருவின் பாதத்தில் இட்டார். மலர்கள் எத்தனை? இங்கே அவர் எழுத்து எதனையும் புகுத்துவதில்லை. விரும்பிய எண்ணொன்றை விடையென வைத்துப் பார்க்கும்படி பணிக்கின்றார். மாணவன் 60 என வைப்பானாயின், 20, 12, 10, 15 எனச் சாத்தியபின் எஞ்சுவன 3. எஞ்சவேண்டியன 6; இரு மடங்கு. ஆதலின் மலர்களும் 60 இன் இரு மடங்காகிய 120. பிழையான விடையே மெய்யான விடைக்கு வழிகாட்டுகின்றது. விடை பிழைத்துவிடுமோ என அஞ்சி எழுதாமலிருக்கும் மாணவனுக்கு இதனினும் சிறந்த மருந்து யான் அறியேன்.

இனி, பீசகணிதத்துக்கு வருவோம். எண்கணிதத்தை வியக்தம், அஃதாவது வெளிப்பட்டது என்றும், இதனை அவ்வியக்தம், அஃதாவது வெளிப்படாதது என்றும் வடநூலார் வழங்குவர். சைவ சித்தாந்தம் பயின்றோர்க்கு இச்சொற்கள் புதியன அல்ல. நூலின் கடவுள் வாழ்த்தும், உலகுக்கு மூலமாகிய வெளிப்படாப் பொருளுக்கும் கணிதத்தின் வெளிப்படா எண்ணுக்கும் ஒருங்கே பொருந்துமாறு சிலேடையாக அமைந்துள்ளது. பீசம் என்பது வித்து. மரம் முழுதும் வித்தினுள் மறைந்திருத்தல் போல, விடை வினாவினுள்ளேயே மறைந்திருக்கின்றது.

மறைந்திருக்கும் அவ்வெண்ணுக்கு ஒரு பெயர் வேண்டுமன்றோ? பழைய ஆசிரியர் வழிநின்று பாஸ்கரர் அதனை யாவத்தாவத்து என்றார். எவ்வளவோ அவ்வளவு என்பது பொருள். ஒன்றுக்கு மேற்பட்டன இருப்பின், இரண்டாவதைக் கறுப்பு, அடுத்ததை நீலம், பின் மஞ்சள், சிவப்பு என நிறப்பெயர்களால் வழங்கினார். எழுதுங்கால் அப்பெயர்களின் முதலெழுத்து மாத்திரம் நிற்கும்: யா, கா, நீ, பீ, லோ. வடமொழியில் வர்ணம் என்னும் சொல்லுக்கு நிறம் என்பதும் எழுத்து என்பதும் பொருளாம். நிறங்களின் பெயரால் வந்தவை எழுத்துகளாய் நின்ற இப்பொருத்தம் மொழியாசிரியனுக்கு இன்பந் தருவது. தெரிந்த எண்ணுக்கு ரூபம் என்பதன் முதலெழுத்தாகிய ரூ எழுதப்பட்டது. இன்றைய மாணவன் அதனைப் பணக்குறியென மயங்கலாகாது. நேர் எண்ணைத் தனம் என்றும், மறை எண்ணைக் கடன் என்னும் பொருள்பட இருணம் என்றும் கூறினர். கடனெண்ணின் தலையில் ஒரு புள்ளி இடுவர். நம் மெய்யெழுத்தின் தலைப்புள்ளி உயிரின்மையைக் காட்டும். அப்புள்ளி கைப்பொருளின்மையைக் காட்டிற்று போலும்!

அந்நூலிற் குதிரை வணிகர் கணக்கொன்று உண்டு. ஒருவனிடம் 300 நாணயமும் ஆறு குதிரைகளும் உள. மற்றவனிடம் பத்துக் குதிரைகள் உள. 100 நாணயம் கடனும் உண்டு. குதிரைகள் யாவும் ஒரே விலையின. இருவர் செல்வமும் சமம். குதிரையின் விலை என்ன? சமன்குறி அக்காலத்தில் இல்லை. ஐரோப்பாவில் அது தோன்றியது 1557 இலேயாம். ஆகவே பாஸ்கரர் ஒரு பக்கத்தை மேல்வரியிலும் மறுபக்கத்தைக் கீழ்வரியிலும் எழுதுவர். மேலே யா 6, ரூ 300. கீழே யா 10, புள்ளியிட்ட ரூ 100. இரண்டிலிருந்தும் யா ஆறைக் கழித்து, இரண்டினோடும் நூற்றைக் கூட்டினால், மேலே 400 உம் கீழே யா 4 உம் நிற்கும். விலை 100; ஒவ்வொருவர் செல்வமும் 900.

எழுத்தின்றியே இதனைச் செய்யலாமென என் மாணவன் கூறக்கூடும். இரண்டாமவனிடம் நான்கு குதிரைகள் மிகுதி. பணத்தில் அவன் நானூறு குறைவு. ஆகவே குதிரை நூறு. அவன் கூற்றுச் சரியே. பாஸ்கரரும் அவனை மறுத்திரார். அட்சரகணிதத்தின் உயிர் எழுத்துகளில் இல்லை, தெளிந்த அறிவே அதன் உயிர் என்பது அவர் கொள்கை. ஆயினும் கணக்குச் சிக்கலாகுந்தோறும் மனம் களைப்படையும். தாமரைக் கணக்கிலே 60 என ஓரெண்ணை வைத்துப் பார்த்தோம். குதிரைக் கணக்கிலே எண்ணை வையாது பெயரை வைத்தோம். வைத்துப் பார்த்தல் என்னும் செயல் இரண்டிலும் ஒன்றே. எண்ணை வைத்தவன் பின்னர் அதனைத் திருத்தவேண்டும். பெயரை வைத்தவனுக்குத் திருத்த வேண்டுவது யாதுமில்லை. அம்மாணவனுக்கு அன்று யான் சொல்லியிருக்கவேண்டியது இதுவே.

இந்நூற்பெயர் நம் நாட்டிற்கும் வந்தது. யாழ்ப்பாணத்துக் கறல் விசுவநாதபிள்ளை 1855 இல் தமிழில் இக்கணிதத்துக்கு நூல் செய்தபோது அதற்கு வீசகணிதம் என்றே பெயரிட்டார். 1857 இற் சி. வை. தாமோதரம்பிள்ளையுடன் சென்னைச் சருவகலாசாலையின் முதற் பட்டதாரிகளாய்த் தேறிய இருவருள் ஒருவர் இவர். பிற்காலத்தில் நம் பாடசாலைகளில் அட்சரகணிதம் என்னும் பெயர் நிலைபெற்றது. தமிழகத்தார் இயற்கணிதம் என்பர். வித்தென்னும் பொருள் மறைந்து எழுத்தென்னும் பொருள் முன்வந்தமை நன்றோ என்பதில் எனக்கு ஐயமுண்டு.

பாஸ்கரரின் நேர்மை விளங்குமிடம் குரங்குக் கணக்குகள் இரண்டு. முதலாவது: ஒரு குரங்குக் கூட்டத்தில் எட்டிலொரு பங்கின் வர்க்கம் காட்டில் விளையாட, பன்னிரண்டு குன்றின்மேல் இருந்தன. கூட்டம் 48 ஆகவும் இருக்கலாம், 16 ஆகவும் இருக்கலாம். இரண்டையும் அவர் ஏற்கின்றார். மற்றையது: கூட்டத்தின் ஐந்திலொரு பங்கில் மூன்றைக் குறைத்து, எஞ்சியதை வர்க்கித்த அளவின குகையினுட் புக, ஒன்று மாத்திரம் கிளையிற் காணப்பட்டது. விடை 50 அல்லது 5. ஆனால் ஐந்தின் ஐந்திலொரு பங்கு ஒன்று; அதில் மூன்றைக் குறைத்தால் மறை இரண்டு எஞ்சும். வர்க்கித்தால் நான்காகிக் கணக்கு ஒத்துவரும். எனினும் இல்லாத குரங்கை உலகத்தார் ஒப்பார் என்று அவ்விடையை விலக்குகின்றார். கணக்கு ஒப்புவதையும் உலகம் ஒப்பாததையும் மறையாது ஒருங்கே எழுதிவைத்த துணிவு போற்றத்தக்கது.

அவருக்கும் தடுமாற்றம் இல்லாமலில்லை. ஓரெண்ணைப் பூச்சியத்தால் வகுத்தால் வருவது எதனைக் கூட்டினும் கழிப்பினும் மாறாத முடிவிலி என்று கூறி, ஊழியிலும் படைப்பிலும் மாறுபடாத இறைவனை அதற்கு உவமையாக்கினார். உவமை அழகியது. இன்றைய கணித நூலாரோ அவ்வகுத்தலையே இடங்கொடாது விலக்குவர்.

இவற்றினும் யான் பெரிதாகக் கருதுவது வேறொன்று. இருபடிச் சமன்பாட்டைத் தீர்த்தற்கு, வர்க்கத்தின் குணகத்தை நான்கால் பெருக்கி, அதனால் இரு பக்கத்தையும் பெருக்கி, தெரியாக் கணியத்தின் பழைய குணகத்தின் வர்க்கத்தை இரு பக்கமும் கூட்டி, பின் வர்க்கமூலங் காணும் முறையொன்று உண்டு. பின்னம் புகாத எளிய வழி அது. அதனைத் தமதெனக் கூறிக்கொள்ள பாஸ்கரருக்கு எத்தடையும் இருந்திராது. அவரோ அது சிறீதரரின் விதியெனப் பெயர் சுட்டி எழுதினார். சிறீதரர் செய்த பீசகணித நூல் பின்னர் அழிந்தொழிந்தது. அவ்விதி அவருடையதென உலகம் அறிவது பாஸ்கரர் சுட்டிய அவ்வொரு குறிப்பினாலேயாம். நூலின் இறுதியிலும் பிரமகுப்தர், சிறீதரர், பத்மநாபர் ஆகியோரின் விரிந்த நூல்களையே தாம் மாணாக்கர்க்காகச் சுருக்கியதாக ஒப்புக்கொள்கின்றார்.

சக்கரவாளம் என்னும் முறையிலும் அவ்வாறே. 61 ஆற் பெருக்கி ஒன்றைக் கூட்டினாலும் வர்க்கமாகவே நிற்கும் வர்க்க எண் யாது என்பது வினா. பாஸ்கரர் கண்ட மிகச் சிறிய விடையில் ஒரு மூலம் 226,153,980, மற்றது 1,766,319,049. இவ்வினாவையே 1657 இற் பிரான்சு நாட்டு வெர்மா ஐரோப்பியக் கணித வல்லுநர்க்கு அறைகூவலாக விடுத்தார். ஐந்து நூற்றாண்டு முந்திய விடை இந்தியாவில் இருந்ததை அவர் அறியார். இதன் அடிப்படை முறையைப் பாஸ்கரருக்கு முன்னரே செயதேவர் என்பவர் அறிந்திருந்தார். பாஸ்கரரும் அதனை முன்னோர் வழங்கிய பெயராலேயே கூறுகின்றார்.

1183 ஆம் ஆண்டைத் தொடக்கமாகக் கொண்டு கரணகுதூகலம் என்னும் வானநூலொன்றையும் அவர் செய்தார். அப்போது வயது அறுபத்தொன்பது. மைந்தர் இலக்குமீதரர் யாதவ மன்னன் சைத்திரபாலனின் அவையில் அறிஞர் தலைவரானார். பேரர் சங்கதேவர், சிங்கண மன்னனுக்குத் தலைமைச் சோதிடர். பாட்டனாரின் நூல்களைக் கற்பிப்பதற்கென்றே சங்கதேவர் ஒரு மடம் நிறுவினார். 1207 இல் அதற்கு நிலக்கொடை வழங்கப்பட்டது. மகாராட்டிரத்தில் சாளிஸ்காமுக்கு அணித்தாயுள்ள பாட்டணம் என்னுமிடத்துக் கோயிற் கல்வெட்டு இதனைக் கூறுகின்றது. மடம் இன்று இல்லை. கல்வெட்டின் பெரும்பகுதி வடமொழிச் செய்யுள். கடைசிச் சில வரிகள் மாத்திரம் ஊரார் பேசிய பழைய மராட்டியில் உள்ளன. அரசர் கொடைக்குப் பின், அவ்வூர்ப் பொதுமக்கள் மடத்துக்குக் கொடுக்க இசைந்தவை அவ்வரிகளில் உள்ளன. அவற்றுள் ஒன்று, ஊரிலுள்ள ஒவ்வொரு செக்கிலிருந்தும் எண்ணெய்.