விட்டல்பாய் பட்டேல்

குஜராத்திலே கரம்சத் என்னும் சிற்றூரைச் சேர்ந்த உழவர் குடியொன்றில் 1873-ஆம் ஆண்டு தோன்றியவர் விட்டல்பாய் பட்டேல். சர்தார் என நாடு போற்றும் வல்லபாய் பட்டேல் இவருக்கு இளவல் ஆவார். உடன்பிறந்தார் இருவரும் சட்டம் பயின்று வழக்குரைஞராயினர். சீமைக்குச் சென்று பாரிஸ்டர் ஆக விரும்பிய வல்லபாய், சிறுகச் சிறுகப் பொருள் சேர்த்துப் பயணத்திற்கு ஏற்பாடு செய்தார். பயணத்திற்குரிய தாள்களோ வி. ஜே. பட்டேல் என்னும் பெயருக்கு வந்தன. இருவர் பெயருக்கும் முதலெழுத்துகள் அவையே ஆதலின், மூத்தவனாகிய தான் முன்னர்ச் செல்லுதலே முறை என்றார் விட்டல்பாய். தம்பியும் மறுமொழி கூறாது விட்டுக்கொடுத்தார். 1905-ஆம் ஆண்டு சென்ற விட்டல்பாய், பாரிஸ்டராய்த் திரும்பிப் பம்பாயில் தொழில் நடத்தினார்.

1912-ஆம் ஆண்டு பம்பாய்ச் சட்டசபையில் இடம் பெற்றார். நகரசபைகள் தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்க வழிசெய்யும் சட்டமொன்று இவர் முயற்சியால் அங்கு 1918-இல் நிறைவேறியது. பின்னர்ச் சுயராஜ்யக் கட்சியில் சேர்ந்து, 1923-இல் மத்திய சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

1925-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அச்சபைக்குத் தலைவரை உறுப்பினரே தேர்ந்தெடுக்கும் நாள் வந்தது. சென்னையைச் சேர்ந்த சட்ட அறிஞர் டி. ரங்காச்சாரியார் எதிர்நின்றார். 58 வாக்குகள் பெற்று, இரண்டே வாக்குகள் மிகுதியால் விட்டல்பாய் வென்றார். அன்றே கட்சித் தொடர்பைத் துறந்தார். தம் ஊதியத்தில் ஒரு பகுதியை நாட்டுப்பணிக்கெனக் காந்தியடிகளுக்கு அனுப்பிவந்தார்.

அக்காலத்துச் சபையின் நிலை இரங்கத்தக்கது. 1919-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒரு மசோதாவையோ, அதன் பிரிவையோ, உறுப்பினர் கொணரும் திருத்தத்தையோ நாட்டின் அமைதிக்கு ஊறு விளைப்பது எனச் சான்று கூறி விவாதத்தையே நிறுத்திவிட வைசிராயால் இயலும். எஞ்சி நின்றது தலைவரின் அதிகாரம் ஒன்றே. சபை முன் வருவது விதிக்கு இயைந்ததா என்பதை அவரே முடிவு செய்தல் வேண்டும். அவ்வதிகாரத்தை விட்டல்பாய் வாளாய் ஏந்தினார். ஒரே ஒருமுறை வரம்பு கடந்தார் எனலாம். 1926-இல் சுயராஜ்யக் கட்சியினர் வெளியேறியபோது, சர்ச்சைக்குரிய மசோதாக்களைக் கொணர்ந்தால் சபையையே ஒத்திவைக்க நேரிடும் என எச்சரித்தார். மறுநாளே அதனைத் திரும்பப் பெற்றார்.

1928-இல் ரிசர்வ் பாங்கி மசோதா பற்றிய சிக்கல் எழுந்தது. முந்திய ஆண்டு கொணர்ந்த மசோதா முடிவுறாமல் நிற்கும்போதே, அரசாங்கம் அதனைப் பெரிதும் மாற்றிப் புதியதொரு மசோதாவை நுழைக்க முற்பட்டது. அடிப்படை மாறுமாயின் பழையதைத் திரும்பப் பெற்ற பின்னரே புதியதைக் கொணர்தல் பிரிட்டிஷ் பாராளுமன்ற மரபு. அம்மரபைக் காட்டித் தலைவர் புதிய மசோதாவை மறுத்தார். பழையதையே தொடர்ந்த அரசாங்கம் விரைவில் அதனையும் கைவிட்டது.

அவ்வாண்டே பொதுப் பாதுகாப்பு மசோதா வந்தது. அயல்நாட்டுப் பொதுவுடைமையாளரை வழக்கின்றி நாடு கடத்த வழி செய்வது அது. வாக்குகள் 61-க்கு 61 என நின்றன. இத்தகைய கடுஞ்சட்டத்திற்குச் சபையின் பெரும்பான்மை வேண்டும் என்று கருதிய தலைவர், தம் வாக்கை எதிராக அளித்து அதனை வீழ்த்தினார். 1929-இல் மாற்றங்களுடன் அது மீண்டும் வந்தது. இதற்கிடையே மீரத்துச் சதிவழக்கில் 31 பேர் சிறைப்பட்டனர். மசோதாவுக்கு ஆதாரமாகக் காட்டப்பட்ட செய்திகளே அவ்வழக்கின் குற்றச்சாட்டுகள். நீதிமன்றத்தில் உள்ள செய்தியைச் சபையில் வாதிடல் விதிக்கு மாறு. ஆகவே, வழக்கை விடுங்கள், அன்றேல் மசோதாவைத் தள்ளிவையுங்கள் என்று தலைவர் அறிவுறுத்தினார். அரசாங்கம் இரண்டிற்கும் இணங்கவில்லை. ஏப்ரல் 8-ஆம் நாள் அவர் தீர்ப்புரைக்க எழுந்த வேளையிலேதான் பகத்சிங்கும் பட்டுகேசுவர தத்தரும் வெடிகுண்டு வீசினர். அதனால் தீர்ப்பு மாறிற்றில்லை. 11-ஆம் நாள் மசோதா விவாதத்திற்கு உரியதன்று என அறிவித்தார். மறுநாளே வைசிராய் இர்வின் பிரபு இரு சபைகளுக்கும் உரையாற்றி, அவசரச் சட்டம் பிறப்பிக்கப் போவதாகவும், தலைவர் இவ்வாறு தடுக்க இயலாதபடி விதிகளைத் திருத்தப் போவதாகவும் கூறினார். அவ்வாறே செய்தும் முடித்தார்.

ஆயினும் சபைக்கெனத் தனி அலுவலகத்தை 1929 ஜனவரியில் அமைத்த பெருமை விட்டல்பாய்க்கே உரியது.

1930 ஏப்ரலில், உப்பு அறப்போரின்போது, தலைமைப் பதவியைத் துறந்து சிறை புகுந்தார். அங்கு உடல் நலிவுற்றதால் விடுதலை பெற்று, மருத்துவத்திற்காக ஐரோப்பா சென்றார். 1933 அக்டோபர் 22-ஆம் நாள் ஜினீவா நகருக்கு அருகில் உயிர் நீத்தார். இறுதி நாட்களில் உடனிருந்து பேணியவர் சுபாஷ் சந்திர போஸ். கப்பலில் வந்த அவர்தம் உடல் நவம்பர்த் திங்களில் பம்பாயில் எரியூட்டப்பெற்றது.