மாயாவியைப் படைத்த மனிதர் லீ ஃபாக்



ஊதா நிறத்தில் உடம்போடு ஒட்டிய உடை. கண்களை மறைக்கும் முகமூடி. விரலில் மண்டை ஓடு மோதிரம். ஓங்கி ஒரு குத்து விட்டால் போதும், எதிரியின் தாடையில் மண்டை ஓட்டு முத்திரை விழுந்துவிடும். அழியவே அழியாது!

யாருன்னு கண்டுபிடிச்சிட்டீங்களா? ராணி காமிக்ஸில் வந்த முகமூடி வீரர் மாயாவிதான். ஆங்கிலத்தில் இவர் பெயர் ஃபேன்டம். (முத்து காமிக்ஸில் வந்த இரும்புக்கை மாயாவி வேறு, இவர் வேறு. ரெண்டு பேரையும் குழப்பிக்காதீங்க.) இந்த மாயாவியைப் படைத்த லீ ஃபாக்கின் வாழ்க்கையை இப்போது பார்ப்போம்.

பிறப்பும் படிப்பும்

லீ ஃபாக் 1911-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் நாள் அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் என்ற ஊரில் பிறந்தார். சிறு குழந்தையாக இருந்தபோதே அப்பா இறந்துவிட்டார். அம்மா மறுமணம் செய்துகொண்டார். வளர்ப்புத் தந்தையின் பெயருக்கு நடுவில் ஃபாக் என்று ஒரு சொல் இருந்தது. அதையே தன் பெயரோடு சேர்த்துக்கொண்டார்.

இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்திலேயே மாண்ட்ரேக் என்ற மந்திரவாதியைக் கற்பனையில் உருவாக்கினார். 1934 ஜூன் 11 முதல் அந்தப் படக்கதை செய்தித்தாள்களில் வர ஆரம்பித்தது. அப்போது அவருக்கு வயது 23 தான். முதல் இரண்டு வாரப் படங்களை அவரே வரைந்தார். பிறகு ஃபில் டேவிஸ் என்ற ஓவியர் வரைந்தார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தன்னைப் பற்றிய குறிப்பில் உலகம் முழுக்கச் சுற்றியவர் மாதிரி எழுதிக் கொடுத்துவிட்டார் ஃபாக். உண்மையில் அப்போது அவர் வெளிநாடு பக்கமே போனதில்லை! யாராவது கேட்டால் என்ன செய்வது? அதற்காகவே பிறகு ஊர் ஊராகச் சுற்ற ஆரம்பித்தார்.

புதிய ஹீரோ பிறந்தார்

மாண்ட்ரேக் வெற்றி பெற்றதும் நிறுவனத்தார் இன்னொரு கதை கேட்டார்கள். ஆர்தர் மன்னரை வைத்து ஒரு படக்கதை தயார் செய்து கொடுத்தார். வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஃபாக் சோர்ந்து உட்காரவில்லை. அடுத்து அவர் கொண்டுபோனதுதான் ஃபேன்டம். 1936 பிப்ரவரி 17 அன்று முதல் கதை தொடங்கியது. ஓவியர் ரே மூர்.

அந்தத் தேதியைக் கவனியுங்கள். சூப்பர்மேன் வந்தது 1938-இல். பேட்மேன் வந்தது 1939-இல். இறுக்கமான உடையும் முகமூடியும் போட்டு அநியாயத்தை எதிர்த்த இந்த வகை ஹீரோக்களுக்கு நம்ம மாயாவிதான் முன்னோடி.

முதலில் நகரத்துப் பணக்கார இளைஞன் ஒருவன்தான் ரகசியமாக ஃபேன்டமாக வருகிறான் என்று காட்ட நினைத்தார் ஃபாக். கதை பாதி ஓடிக்கொண்டிருக்கும்போதே மனதை மாற்றிக்கொண்டு, ஹீரோவைக் காட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். கபாலக் குகை, ஹீரோ என்ற வெள்ளைக் குதிரை, டெவில் என்ற ஓநாய், நண்பர் குரான் எல்லாம் இப்படித்தான் வந்தன.

சாகாத மனிதரின் ரகசியம்

மாயாவிக்குப் பறக்கத் தெரியாது. கண்ணிலிருந்து நெருப்பு வராது. குண்டு பட்டால் இரத்தம் வரும். அப்புறம் எப்படி அவர் சூப்பர் ஹீரோ?

இங்கேதான் ஃபாக்கின் மூளை இருக்கிறது. 400 ஆண்டுகளாக ஒரே ஆள்தான் வாழ்கிறார், அவருக்குச் சாவே கிடையாது என்று காட்டு மக்கள் நம்புகிறார்கள். ஆனால் அப்பா இறந்ததும் மகன் அதே முகமூடியைப் போட்டுக்கொள்கிறான். மண்டை ஓட்டின் மேல் சத்தியம் செய்கிறான். நாம் படிப்பது 21-ஆவது மாயாவியின் கதை.

நம்ம ஒரகடம் பக்கம் கம்பெனிகளில் ஏ ஷிஃப்ட் போய் பி ஷிஃப்ட் வரும், பி போய் சி வரும். வெளியே ரோட்டில் நின்று பார்ப்பவருக்கு மெஷின் நிற்காமல் ஓடுகிற மாதிரிதான் தெரியும். உள்ளே ஆள் மாறியது தெரியாது. மாயாவியின் ரகசியமும் அதே தான்! ஆனால் ஒவ்வொரு புது மாயாவியும் அப்பா பெயரை வைத்து மட்டும் காலம் தள்ள முடியாது. தானும் அதற்குத் தகுதியானவன் என்று முதலிலிருந்து நிரூபிக்க வேண்டும்.

இந்தியாவில் மாயாவி

1964 மார்ச்சில் இந்திரஜால் காமிக்ஸ் தொடங்கியபோது முதல் 32 இதழ்களும் ஃபேன்டம் கதைகள்தான். தமிழிலும் வந்தது. கதை நடக்கும் நாட்டின் பெயர் வங்காளம் போல ஒலித்ததால் அதை டெங்காலி என்று மாற்றினார்கள். கொள்ளையர் கூட்டத்தின் பெயர் சிங். அது நம் நாட்டு மக்களின் பெயர் ஆயிற்றே! அதையும் சிங்கா என்று மாற்றிவிட்டார்கள்.

இங்கே நாம் யோசிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. கறுப்பு நிற மக்களை ஒரு வெள்ளைக்காரர் காப்பாற்றுகிற மாதிரி ஏன் கதை எழுத வேண்டும்? அந்த மக்களுக்குத் தங்களைக் காத்துக்கொள்ளத் தெரியாதா? கேள்வி நியாயமானதுதான். பல நாடுகள் விடுதலை அடைந்த பிறகு ஃபாக்கும் கதையை மாற்றினார். அந்த நாடு மக்களாட்சி நாடாகிறது. லமாண்டா லுவாகா என்ற கறுப்பின மருத்துவர் அதிபர் ஆகிறார். எல்லாக் குறையும் இதனால் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் எழுதியதே சரி என்று அவர் பிடிவாதமாக இருக்கவில்லை.

கடைசி வரை உழைப்பு

ஃபாக்குக்கு நாடகம்தான் இன்னொரு உயிர். சுமார் 300 நாடகங்களைத் தயாரித்தார், பலவற்றை இயக்கினார். இத்தனை வேலைக்கு நடுவிலும் மாயாவியை விடவில்லை. 1936-இல் தொடங்கி 63 ஆண்டுகள் எழுதினார். உடல்நலம் கெட்டு மருத்துவமனையில் இருந்தபோதும் கதை சொல்லிக்கொண்டே இருந்தார். 1999 மார்ச் 13 அன்று நியூயார்க்கில் தன் 87-ஆம் வயதில் காலமானார்.

அவர் போனாலும் மாயாவி நிற்கவில்லை. வேறு எழுத்தாளர்கள் அந்த வேலையை ஏற்றுக்கொண்டு எழுதினார்கள். முகமூடி அப்பாவிடமிருந்து மகனுக்குப் போன மாதிரி, பேனாவும் கை மாறிவிட்டது!

நண்பர்களே, மாயாவிக்கு விசேஷ சக்தி எதுவும் கிடையாது. லீ ஃபாக்குக்கும் கிடையாது. ஒரு கதையைத் திருப்பி அனுப்பியபோது அடுத்த கதையோடு போய் நின்றார், அவ்வளவுதான். பழைய புத்தகக் கடையில் மாயாவி புத்தகம் கிடைத்தால் வாங்கிப் படியுங்கள். படித்துவிட்டு வகுப்பில் மற்றவர்களுக்கும் கொடுங்கள்.