கோடக் விளம்பரத்துக்கு வெளியே ஒரு பெண்: பிரான்சிஸ் பெஞ்சமின் ஜான்ஸ்டன்



ஞாயிற்றுக்கிழமை மதியம் கொஞ்சம் ஓய்வு கிடைத்தால் பீரோவின் மேல்தட்டில் இருக்கும் பழைய போட்டோ ஆல்பத்தை இறக்கிப் பாருங்கள். காதுகுத்து, பிறந்தநாள், கோயில் பயணம் என்று எல்லாவற்றிலும் அம்மா இருப்பார், அத்தை இருப்பார், பாட்டி இருப்பார். அந்தப் படங்களில் எத்தனையை அவர்கள் எடுத்தார்கள் என்று கேட்டால் பெரும்பாலான வீடுகளில் பதில் இருக்காது. கேமரா அப்பாவிடமோ மாமாவிடமோ இருக்கும். பெண்களுக்குப் படத்தில் நிற்கும் வேலைதான்.

ஆனால் ஒரு வேடிக்கை பாருங்கள். கேமராவைச் சாதாரண மக்களுக்கு முதன்முதலில் பெரிய அளவில் விற்ற நிறுவனம், அதைப் பெண்கள் கையில் கொடுத்துத்தான் விளம்பரம் செய்தது. அந்த விளம்பரங்கள் வந்துகொண்டிருந்த காலத்தில், அதே கருவியை வைத்துப் பிழைப்பு நடத்திப் பெயரும் வாங்கிய ஒரு அமெரிக்கப் பெண்மணியின் கதையை இந்த இதழில் உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

கோடக் பெண்

ஜார்ஜ் ஈஸ்ட்மன் தன் கோடக் கேமராவை 1888-ல் சந்தைக்குக் கொண்டுவந்தார். விலை 25 டாலர். உள்ளே 100 படங்களுக்கான சுருள் இருக்கும். எடுத்து முடித்ததும் கேமராவையே கம்பெனிக்கு அனுப்பிவிட வேண்டும். 10 டாலருக்குப் படங்களைக் கழுவி, புதுச் சுருளும் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். அதுவரை படம் எடுப்பதென்றால் கண்ணாடித் தகடு, ரசாயனம், இருட்டறை என்று பெரிய பாடு. அதெல்லாம் இல்லாமலே படம் எடுக்கலாம் என்று மக்களுக்குக் காட்ட வேண்டும் அல்லவா? அதற்காக 1890-களிலிருந்து விளம்பரங்களில் ஒரு இளம்பெண்ணை நிறுத்தினார்கள். கடற்கரையில், ரயிலில், மலைப்பாதையில் கேமராவோடு நிற்பாள். பின்னாளில் நீலமும் வெள்ளையுமாகக் கோடு போட்ட கவுன் அவள் அடையாளமாகிவிட்டது. கோடக் பெண் என்றே அவளுக்குப் பெயர்.

விளம்பரம் அழகானதுதான். ஆனால் அதில் ஒரு உள்ளர்த்தமும் உண்டு. இவளே எடுக்கிறாள் என்றால் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பதுதான் அது. அந்தப் பெண் ஊர் சுற்றுவாள், குழந்தைகளைப் படம் எடுப்பாள், சிரிப்பாள். அந்தப் படத்துக்கு அவளுக்கு யாரும் காசு கொடுக்க மாட்டார்கள்.

நம் கதாநாயகி காசு கேட்டவர்.

எழுத்திலிருந்து கேமராவுக்கு

பிரான்சிஸ் பெஞ்சமின் ஜான்ஸ்டன் 1864 ஜனவரி 15-ல் மேற்கு விர்ஜினியாவில் உள்ள கிராஃப்டன் என்ற ஊரில் பிறந்தார். வளர்ந்தது வாஷிங்டனில். அப்பா அரசாங்கக் கருவூலத் துறையில் வேலை பார்த்தார். அம்மா பத்திரிகைக்கு எழுதியவர். அந்தக் காலத்தில் அது அபூர்வம். வீட்டில் வசதி இருந்தது, பெரிய இடத்துப் பழக்கமும் இருந்தது. பாரிஸில் ஜூலியன் கலைப்பள்ளிக்குப் போய் ஓவியம் படித்துத் திரும்பினார்.

பத்திரிகைக் கட்டுரைகளுக்குப் படம் வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தவருக்கு, இனிமேல் பத்திரிகைகளுக்குக் கேமராதான் என்று புரிந்துவிட்டது. குடும்பத்துக்குத் தெரிந்தவரான ஈஸ்ட்மனிடமிருந்து முதல் கேமரா வந்தது. ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் புகைப்படப் பிரிவின் தலைவராக இருந்த தாமஸ் ஸ்மில்லி தொழிலைக் கற்றுக் கொடுத்தார். கொஞ்ச காலம் வாஷிங்டனில் கோடக் நிறுவனத்துக்கே வேலை பார்த்தார். வாடிக்கையாளர்களின் சுருளைக் கழுவ அனுப்புவதும், பழுதான கேமராவுக்கு என்ன செய்யலாம் என்று சொல்வதும்தான் வேலை. விளம்பரத்தில் சிரிக்கும் பெண்ணுக்குப் பின்னால் கல்லாவில் உட்கார்ந்திருந்த பெண் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சுகமான இடங்களாகப் பார்த்து அவர் படம் எடுக்கவில்லை. பென்சில்வேனியாவின் நிலக்கரிச் சுரங்கத்துக்கு உள்ளே இறங்கினார். கென்டக்கியில் உள்ள மாமத் குகையின் கும்மிருட்டில் வெளிச்சத்துக்கு மருந்துப் பொடியைக் கொளுத்திப் படம் எடுத்தார். 1890-களின் நடுவில் வாஷிங்டனில் சொந்தமாக ஸ்டூடியோ திறந்தார். அப்போது அந்த நகரத்தில் பெண் ஒருவர் நடத்திய ஸ்டூடியோ அது ஒன்றுதான்.

தன்னைத்தானே எடுத்த படம்

1896-ல் அந்த ஸ்டூடியோவில் அவர் தன்னையே எடுத்துக்கொண்ட ஒரு படம் இன்று உலகப் பிரசித்தம். கணப்படுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். கால் மேல் கால், அதுவும் ஆண்கள் போடுவதுபோல் கணுக்காலை முழங்காலில் ஏற்றி. உள்பாவாடையும் காலுறையும் வெளியே தெரிகின்றன. ஒரு கையில் சிகரெட், இன்னொரு கையில் பீர்க் குவளை. மேலே மாடத்தில் ஆண்களின் படங்கள் வரிசையாக. சாதாரணமாக அலமாரியில் பெண்களின் படத்தை அடுக்கிவைப்பது ஆண்களின் பழக்கம். இங்கே அதைத் திருப்பிப் போட்டிருக்கிறார்.

இன்னொரு படத்தில் ஆண் வேடம் போட்டு, ஒட்டு மீசையோடு சைக்கிள் பக்கத்தில் நிற்கிறார். வேறொன்றில் தொப்பியும் ரோமக் கழுத்துத் துணியுமாகக் கண்ணியமான சீமாட்டி. மூன்றும் ஒரே ஆள்தான். நமக்குச் சிகரெட்டும் பீரும் பிடிக்காமல் போகலாம், அது வேறு விஷயம். பெண் என்றால் இப்படித்தான் என்று விளம்பரங்கள் ஒரே முகத்தைக் காட்டிக்கொண்டிருந்த நாளில், தனக்குப் பல முகம் உண்டு என்று விளையாட்டாகவே காட்டிவிட்டார்.

விளையாட்டு அதோடு சரி. வாடிக்கையாளர் விஷயத்தில் படு கறார். 1897-ல் பெண்கள் பத்திரிகை ஒன்றில் கேமராவை வைத்து ஒரு பெண் என்ன செய்யலாம் என்று நீண்ட கட்டுரை எழுதினார். பொறுமை வேண்டும், மனிதர்களோடு பழகத் தெரிய வேண்டும், கணக்குவழக்கு தெரிய வேண்டும், உடம்பு வணங்கி உழைக்க வேண்டும் என்பது அதன் சாரம். இதை ஒரு வருமானம் தரும் தொழிலாகப் பாருங்கள் என்று பெண்களிடம் நேராகவே சொன்னார். 1900-ல் பாரிஸ் உலகக் கண்காட்சி நடந்தபோது, அமெரிக்கப் பெண் புகைப்படக்காரர்கள் 28 பேரின் படங்களைத் திரட்டிக்கொண்டு போய்க் காட்டினார். பிறகு அவை ரஷ்யாவுக்கும் போயின. தான் மட்டும் மேலே ஏறி ஏணியை இழுத்துக்கொள்ளாத மனசு அது.

வெள்ளை மாளிகையும் வேறு வீடுகளும்

கிளீவ்லண்ட், ஹாரிசன், மெக்கின்லி, தியோடர் ரூஸ்வெல்ட், டாஃப்ட் என்று ஐந்து ஜனாதிபதிகள் அவர் கேமரா முன் அமர்ந்தார்கள். எழுத்தாளர் மார்க் ட்வைன், பெண்களின் ஓட்டுரிமைக்காகப் போராடிய சூசன் பி. ஆன்டனி ஆகியோரையும் எடுத்தார். 1899-ல் மணிலாவில் வென்று திரும்பிக்கொண்டிருந்த அட்மிரல் டூயியை, இத்தாலியின் நேபிள்ஸ் துறைமுகத்தில் ரூஸ்வெல்ட்டின் சிபாரிசோடு போய்க் கப்பலிலேயே பிடித்தார். 1901 செப்டம்பர் 5-ல் பஃபலோ நகரக் கண்காட்சியில் ஜனாதிபதி மெக்கின்லி பேசியதைப் படம் எடுத்தார். மறுநாள் மெக்கின்லி சுடப்பட்டார். அடுத்த வாரமே இறந்தும் போனார்.

இவ்வளவு பெரிய மனிதர்களை எடுத்தவரை இன்று நினைக்க வைப்பது, பெயர் தெரியாத மாணவர்களின் படங்கள்தான்.

அமெரிக்காவில் அடிமை முறை ஒழிந்த பிறகு, விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்காக விர்ஜினியாவில் 1868-ல் தொடங்கப்பட்ட பள்ளி ஹாம்ப்டன். பாரிஸ் கண்காட்சியில் வைப்பதற்காக அந்தப் பள்ளியைப் படம் எடுக்க 1899 டிசம்பரில் ஜான்ஸ்டனை அழைத்தார்கள். பெரிய கண்ணாடித் தகடுகளில் 150-க்கும் மேல் எடுத்தார். தச்சு வேலை, பால் பண்ணை, அறிவியல் வகுப்பு. ஒரு படத்தில் இளைஞர்கள் மாடிப்படிக்குக் கைப்பிடி அமைக்கிறார்கள். ஒவ்வொருவரும் ஒரு வேலையில். யாரும் கேமராவைப் பார்க்கவில்லை. பார்த்தால் கண் எடுக்க முடியாது. பாரிஸில் அவருக்குப் பரிசும் கிடைத்தது.

ஆனால் இந்தப் படங்களும் ஒரு வகையில் விளம்பரங்கள்தான் என்பதை உங்களிடம் மறைக்கக் கூடாது. பள்ளிக்கு நன்கொடை வேண்டும். அதனால் ஒரு படத்தில் பழைய குடிசை, அடுத்த படத்தில் படித்து முடித்தவரின் நல்ல வீடு என்று ஜோடி ஜோடியாகக் காட்டினார்கள். கைத்தொழில் போதும் என்ற அந்தக் கல்வி முறையையே கறுப்பின அறிஞர் டுபாய்ஸ் பின்னர் கடுமையாக விமர்சித்தார். படத்தின் கீழே பெரும்பாலும் வேலையின் பெயர் இருக்கிறது, வேலை செய்பவரின் பெயர் இல்லை. வசதியான வெள்ளைக்காரக் குடும்பத்துப் பெண்ணின் பார்வை அது. இருந்தும் அந்த முகங்களில் அவர் கொண்டுவந்த கம்பீரத்தை அந்தக் காலத்து அமெரிக்கப் பத்திரிகைகளில் தேடினாலும் கிடைக்காது. அவற்றில் கறுப்பின மக்கள் கேலிச்சித்திரமாகத்தான் வந்தார்கள்.

அந்த வேலையில் ஆபத்தும் இருந்தது. 1902-ல் அலபாமாவின் ரேமர் என்ற சிற்றூரில் ஒரு கறுப்பினப் பள்ளியைப் படம் எடுக்க இரவு ரயிலில் போய் இறங்கினார். அழைத்துப்போக வந்தவர் அந்தப் பள்ளியின் கறுப்பின ஆசிரியர். வெள்ளைக்காரப் பெண் இரவில் கறுப்பின ஆணோடு போவதா என்று உள்ளூர் வெள்ளையர்கள் துப்பாக்கியோடு மிரட்டினார்கள். உடன் வந்திருந்த விஞ்ஞானி ஜார்ஜ் வாஷிங்டன் கார்வரின் உதவியால் ஜான்ஸ்டன் தப்பினார். அந்த ஆசிரியர் ஊரைவிட்டே போக வேண்டியதாயிற்று. ஜான்ஸ்டன் மறுபடி தன் ஸ்டூடியோவுக்குத் திரும்ப முடிந்தது. ஆசிரியருக்கு அப்படித் திரும்ப இடம் இல்லை. இதைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் கதை பாதிதான்.

எழுபதிலும் ஓயவில்லை

1910-களில் நியூயார்க்கில் மேட்டி எட்வர்ட்ஸ் ஹெவிட் என்ற இன்னொரு பெண் புகைப்படக்காரரோடு கூட்டாகத் தொழில் நடத்தினார். வீடுகளும் தோட்டங்களும் அவர் பாடமாயின. கையால் வண்ணம் தீட்டிய கண்ணாடி வில்லைகளைத் திரையில் காட்டித் தோட்டக்கலை பற்றி ஊர் ஊராகப் பேசினார்.

வயது எழுபதை நெருங்கும்போதுதான் மிகப் பெரிய வேலையைத் தொடங்கினார். தென் மாநிலங்களின் பழைய கட்டிடங்கள் ஒவ்வொன்றாக இடிந்தும் இடிக்கப்பட்டும் போய்க்கொண்டிருந்தன. கார்னகி அறக்கட்டளையின் உதவியோடு 1933-லிருந்து காரில் ஊர் ஊராகச் சுற்றினார். மாளிகைகளோடு நிற்கவில்லை. மாவு மில், சத்திரம், பண்ணைத் தொழிலாளர் குடிசை, தோட்டத்து வேலி என்று எல்லாவற்றையும் எடுத்தார். ஏழு ஆண்டுகளில் 1,700 இடங்கள், 7,000-க்கும் மேற்பட்ட படங்கள். அவற்றில் பல கட்டிடங்கள் இன்று இல்லை. அவர் எடுத்த படம்தான் இருக்கிறது. கட்டிடக் கலைஞர்களின் தேசிய அமைப்பு 1945-ல் அவரைக் கௌரவ உறுப்பினராக்கியது.

கடைசிக் காலத்தை நியூ ஆர்லியன்ஸில் கழித்து, 1952 மே 16-ல், 88-ம் வயதில் காலமானார். அவர் படங்களில் பெரும்பகுதி காங்கிரஸ் நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது. ஹாம்ப்டன் படங்களின் ஆல்பம் ஒன்று, இரண்டாம் உலகப் போர் சமயத்தில் வாஷிங்டனின் ஒரு பழைய புத்தகக் கடையில் லிங்கன் கிர்ஸ்டீன் என்பவர் கண்ணில் பட்டது. 1966-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அதைக் காட்சிக்கு வைத்தபோதுதான் புதிய தலைமுறை அவரைத் தெரிந்துகொண்டது. அவர் இறந்து 14 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இப்போது உங்களிடம் ஒரு வேண்டுகோள். நம் வீட்டுப் பெண்கள் எல்லோர் கையிலும் இன்று கேமரா இருக்கிறது. ஈஸ்ட்மன் விற்றதைவிட ஆயிரம் மடங்கு நல்ல கேமரா. அடுத்த தெருவில் ஒரு பழைய வீட்டை இடிக்கப்போகிறார்கள் என்று தெரிந்தால், இயந்திரம் வருவதற்கு முன் ஒரு நடை போய் அதன் திண்ணையையும் வாசல் கதவையும் படம் எடுத்து வையுங்கள். தினமும் காலையில் நம் தெருவைப் பெருக்கும் அம்மாவையும், கேட்டில் நிற்கும் காவலாளி ஐயாவையும் அவர்கள் சம்மதம் கேட்டு ஒரு நல்ல படம் எடுங்கள். எடுத்த படத்தை அவர்களுக்கும் கொடுங்கள்.

எடுத்ததும் மறக்காமல் பெயரையும் தேதியையும் எழுதி வையுங்கள். ஜான்ஸ்டன் விட்டுப்போன வேலை அது ஒன்றுதான். அதை நாம் செய்யலாம்.