அரங்கத்துக்கே இவர் பெயர்தான்... ஆனா ஒரு சீசனுக்கு மேல நிற்க விடல! யார் இந்த 'ஃபாக்' ஆலன்?

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்று ஒரு ஊர். அங்கே இருக்கும் கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து அரங்கம்தான் ஆலன் ஃபீல்ட்ஹவுஸ். 2017 பிப்ரவரியில் இங்கே ரசிகர்கள் போட்ட சத்தம் 130.4 டெசிபல். உள்ளரங்க விளையாட்டில் அதிகபட்ச கூச்சல் என்று கின்னஸ் புத்தகத்திலேயே ஏறியது.

எதிரணிக்கு ஒரு எச்சரிக்கை பேனரும் அங்கே உயரத்தில் தொங்குகிறது. உள்ளே வருபவர்கள் 'ஃபாக்' விஷயத்தில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டுமாம்! 1988ல் மாணவர்கள் ஹாஸ்டல் குளியலறைத் திரைகளை எடுத்து முதன்முதலாகச் செய்த பேனர் அது.

யார் அந்த ஃபாக்? 1974லேயே இறந்துபோன ஒரு கோச்சுக்கு இன்னும் ஏன் இவ்வளவு மரியாதை? வாங்க, பார்க்கலாம்.

பெயர் வந்த கதை

முழுப்பெயர் ஃபாரஸ்ட் கிளேர் ஆலன். 1885 நவம்பர் 18 அன்று மிசௌரி மாநிலத்தில் பிறந்தவர். இளம் வயதில் பேஸ்பால் போட்டிகளுக்கு அம்பயராக நின்றார். பனிமூட்டத்தில் கப்பல்களை எச்சரிக்க ஒலிக்கும் சங்கு மாதிரி கணீர்னு ஒரு குரல். ஆங்கிலத்தில் மூடுபனிக்கு 'ஃபாக்' என்று பெயர். அதுவே பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டது. பத்திரிகைக்காரர் ஒருவர் அதன் எழுத்துகளைக் கொஞ்சம் மாற்றி ஸ்டைலாக எழுத, கடைசிவரை அதுவே நிலைத்துவிட்டது.

கூடைப்பந்தைக் கண்டுபிடித்தவரே குரு

1891ல் கூடைப்பந்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நைஸ்மித், 1898ல் கான்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு வேலைக்கு வந்தார். அவரிடம்தான் ஆலன் விளையாடினார். பேக்கர் பல்கலைக்கழகத்தில் கோச் வேலை வந்தபோது, ஆலன் அதை ஆசையாகச் சொல்ல, குருவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த விளையாட்டுக்கு எல்லாம் யாரும் கோச்சிங் கொடுக்க முடியாது, சும்மா விளையாடத்தான் முடியும் என்பது நைஸ்மித்தின் எண்ணம்.

ஆலன் கேட்கவில்லை. கோச் ஆனார். 1907ல் குருவின் இடத்துக்கே, கான்சாஸ் அணிக்கே பயிற்சியாளராக வந்தார்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? கான்சாஸ் அணியின் பயிற்சியாளர்களில் ஜெயித்ததைவிடத் தோற்றது அதிகம் என்ற கணக்கு ஒருவருக்குத்தான் இருக்கிறது. அவர் கூடைப்பந்தைக் கண்டுபிடித்த நைஸ்மித்தேதான். 55 வெற்றி, 60 தோல்வி.

டாக்டரும் அவரே

இரண்டு வருடம் கழித்து ஆலன் ஆஸ்டியோபதி படிக்கப் போய்விட்டார். எலும்பு, தசைகளைக் கையாலேயே அழுத்தியும் நீவியும் குணப்படுத்தும் மருத்துவம் அது. பிறகு வேறொரு கல்லூரியில் பயிற்சி கொடுத்துவிட்டு 1919ல் கான்சாஸுக்குத் திரும்பினார். அடிபட்ட வீரர்களுக்கு வைத்தியமும் அவரே பார்த்தார். பலருக்கு அவர் 'டாக்'.

டிரிபிளிங்கைக் காப்பாற்றியவர்

1927ல் ஒரு பெரிய சிக்கல். பந்தைத் தட்டிக்கொண்டே ஓடுவதுதான் டிரிபிளிங். ஒரே ஒரு தட்டுக்கு மேல் கூடாது என்று விதியை மாற்ற விதிக்குழு முடிவெடுத்தது. அது அமலாகியிருந்தால் இன்று நீங்கள் பார்க்கும் கூடைப்பந்தே இருந்திருக்காது.

ஆலன் பயிற்சியாளர்களைத் திரட்டினார். அந்தப் போராட்டத்தில் பிறந்ததுதான் அமெரிக்கக் கூடைப்பந்து பயிற்சியாளர்களின் தேசிய சங்கம். முடிவு வாபஸ் ஆனது. கோச்சிங் கொடுக்கவே முடியாது என்று குரு சொன்ன விளையாட்டில், கோச்களுக்கு என்று ஒரு சங்கத்தையே உருவாக்கிவிட்டார் சிஷ்யர்!

ஒலிம்பிக்கில் கூடைப்பந்தைச் சேர்க்கவும் பல வருடம் விடாமல் குரல் கொடுத்தார். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் அது நடந்தது. அதை நேரில் பார்க்க, வயதான நைஸ்மித்தை பெர்லினுக்கு அனுப்பப் பணம் திரட்டியதும் இந்தப் பயிற்சியாளர் சங்கம்தான். 1939ல் நைஸ்மித் இறந்தார்.

மறைக்க முடியாத இன்னொரு பக்கம்

எல்லாமே பெருமைக்குரியது இல்லை. 1930களில் இதே பல்கலைக்கழகத்தில் ஜான் மெக்லெண்டன் என்ற கறுப்பின மாணவர் படித்தார். நைஸ்மித் அவருக்கு வழிகாட்டினார். ஆனால் ஆலனின் அணியில் அவரால் விளையாட முடியவில்லை. காரணம், அணியில் வெள்ளையர்களுக்கு மட்டும்தான் இடம். அதே மெக்லெண்டன் பின்னாளில் பெரிய கோச் ஆகி, கூடைப்பந்தின் ஹால் ஆஃப் ஃபேம் கௌரவத்தையே பெற்றார். கான்சாஸ் அணியில் கறுப்பின வீரர் இடம்பெற 1950களின் தொடக்கம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

புது அரங்கம் எழுந்தது

1952ல் தேசிய சாம்பியன்ஷிப் இறுதிப்போட்டியில் செயின்ட் ஜான்ஸ் அணியை 80-63 என்று வீழ்த்தி ஆலனின் அணி கோப்பையை வென்றது. அப்போதெல்லாம் உள்ளூர் ஆட்டங்கள் நடந்தது கச்சேரி, நாடகத்துக்குப் பயன்படும் ஒரு கலையரங்கத்தில். கூட்டமோ தாங்கவில்லை.

புது அரங்கம் கட்டலாம் என்றால், கொரியப் போரால் இரும்புக்குத் தட்டுப்பாடு. ராணுவப் பயிற்சிக்கான ஆயுதக்கூடமாகவும் பயன்படும் என்று திட்டத்தில் சேர்த்த பிறகுதான் இரும்பு கிடைத்தது.

1955 மார்ச் 1. பதவியில் இருக்கும்போதே தன் பெயர் வைத்த அரங்கத்துக்குள் ஆலன் நுழைந்தார். 17,000 பேருக்கு மேல் கூட்டம். பக்கத்து ஊர்ப் பரம எதிரியான கான்சாஸ் ஸ்டேட் அணியை 77-67 என்று ஜெயித்தார்கள்.

70வது பிறந்தநாளில் வந்த பரிசு... பறிபோன கனவு

அடுத்து நடந்ததுதான் கதையின் உச்சம். ஃபிலடெல்ஃபியாவில் 7 அடி 1 அங்குல உயரத்தில் ஒரு பையன். பெயர் வில்ட் சேம்பர்லைன். நாடு முழுக்கக் கல்லூரிகள் அவனுக்குப் போட்டி போட்டன. ஆலன் அவனைக் கான்சாஸுக்கு அழைத்து வந்துவிட்டார்.

ஆனால் முதலாமாண்டு மாணவர்கள் பிரதான அணியில் ஆடக்கூடாது என்பது அன்றைய விதி. 1955 நவம்பர் 18, ஆலனின் 70வது பிறந்தநாள். அன்று முதலாமாண்டு அணிக்கும் பிரதான அணிக்கும் ஆட்டம். சேம்பர்லைன் தனியாளாக 42 புள்ளி அடிக்க, ஆலனின் சொந்த அணியே 81-71 என்று தோற்றது! அடுத்த வருடம் இவன் தன் அணியில் ஆடுவான் என்ற சந்தோஷத்தில் இருந்திருப்பார் மனுஷன்.

அதே பிறந்தநாள்தான் வில்லனாகவும் வந்தது. 70 வயதானால் அரசு ஊழியர் ஓய்வுபெற வேண்டும் என்பது மாநில விதி. விலக்கு தரும்படி கேட்டார் ஆலன். கிடைக்கவில்லை. 1956ல் ஓய்வு.

அந்த டிசம்பரில் பிரதான அணிக்கான தன் முதல் ஆட்டத்தில், அதே ஆலன் ஃபீல்ட்ஹவுஸில், சேம்பர்லைன் 52 புள்ளிகள் குவித்தார். அப்போது கான்சாஸின் கோச் ஆலன் இல்லை. 1957 இறுதிப்போட்டியில் மூன்று முறை கூடுதல் நேரம் போய், 54-53 என்று ஒரே ஒரு புள்ளியில் வட கரோலினாவிடம் கோப்பையை விட்டது கான்சாஸ். ஆலன் இருந்திருந்தால்? பதில் யாருக்கும் தெரியாது.

அவர் விட்டுப்போனது என்ன?

ஓய்வுபெற்றபோது ஆலன் கணக்கில் 746 வெற்றிகள். கல்லூரிக் கூடைப்பந்தில் அன்று அதுதான் சாதனை. அதை முறியடித்தவர் அடால்ஃப் ரப். ரப்பின் சாதனையை 1997ல் முறியடித்தவர் டீன் ஸ்மித். இருவருமே கான்சாஸில் ஆலனிடம் விளையாடிய மாணவர்கள்!

இன்றைக்கு அங்கே ஆட்டம் பார்க்கப் போனால் சில சடங்குகளைத் தவறவிடக் கூடாது:

* எதிரணி வீரர்களை அறிமுகம் செய்யும்போது மாணவர்கள் நியூஸ் பேப்பரை முகத்துக்கு நேரே விரித்துப் படிப்பார்கள். உங்களை யார் பார்த்தார்கள் என்ற தோரணை!

* எதிரணி வீரர் 5 ஃபவுல் செய்து வெளியேறினால், கூட்டமே கைகளைத் தலைக்கு மேலே தூக்கி இடமும் வலமும் அசைக்கும். கான்சாஸின் கோதுமை வயல் காற்றில் ஆடுவது போல இருக்கும்.

* வெற்றி உறுதியானதும் 'ராக் சாக் ஜேஹாக்' கோஷத்தை மெதுவாக, தேவாலயப் பிரார்த்தனை மாதிரி இழுத்துப் பாடுவார்கள். 1880களில் ஒரு வேதியியல் பேராசிரியர் ஆரம்பித்துவைத்த கோஷம் அது. பல்கலைக்கழகம் இருக்கும் மலையின் சுண்ணாம்புக்கல்லைத்தான் 'ராக் சாக்' குறிக்கிறது.

இதையெல்லாம் கேட்க இப்போது ஆலன் இல்லை. 1974 செப்டம்பர் 16 அன்று, தனது 88வது வயதில், அதே லாரன்ஸில் காலமானார். அரங்க வாசலில் அவரது வெண்கலச் சிலை நிற்கிறது.

உள்ளே வீரர்கள் ஓடும் தரைக்கு ஜேம்ஸ் நைஸ்மித் கோர்ட் என்று பெயர். சுற்றியிருக்கும் கட்டடத்துக்கு ஆலன் பெயர். கோச்சிங் முடியாது என்ற குருவும், முடியும் என்று காட்டிய சிஷ்யரும் இன்றும் ஒரே கூரையின் கீழ்தான் இருக்கிறார்கள்.