கண்டங்கள் நகர்ந்தன என்ற அல்பிரட் வெக்னர்

உண்மையைக் காண்பது ஒரு பேறு. அதனை உலகம் ஏற்கும் நாள்வரை வாழ்ந்திருப்பது வேறொரு பேறு. முன்னதைப் பெற்றுப் பின்னதைப் பெறாது மறைந்த ஜேர்மனிய விஞ்ஞானி அல்பிரட் வெக்னரை இம்மலரில் நினைவுகூர விழைகின்றோம்.

அன்னார் 1880ஆம் ஆண்டு நவம்பர் 1ஆந் திகதி பேர்லின் நகரிலே கிறித்தவ மதகுரு ஒருவரின் மைந்தராகப் பிறந்தார். வானசாஸ்திரம் பயின்று 1905இல் கலாநிதிப் பட்டம் பெற்றபின் வானிலை ஆராய்ச்சியில் ஈடுபட்டார். 1906இல் தமையனாருடன் வாயுக்கூண்டிலேறி 52 மணி நேரத்துக்கு மேலாக வானிலே தங்கி, அந்நாட் சாதனையை முறியடித்தார்.

தென்னமெரிக்காவின் கிழக்குக் கரையும் ஆபிரிக்காவின் மேற்குக் கரையும் ஒன்றோடொன்று பொருந்துவதைத் தேசப்படத்தில் நாமும் காணலாம். அவருக்கு முன்னரும் சிலர் அதனைக் கண்டனர். வெக்னரோ கண்டதோடு நில்லாது சான்று தேடினார். மெசோசோரஸ் என்னும் சிறிய ஊர்வனவின் சுவடு அவ்விரு கண்டங்களிலும் கிடைத்திருந்தது. குளொசொப்தெரிசு என்னும் தாவரத்தின் சுவடு இந்தியா, ஆபிரிக்கா, அவுஸ்திரேலியா முதலிய இடங்களிற் காணப்பட்டது. வெப்பம் மிகுந்த இந்தியாவிலும் பண்டைப் பனிக்கட்டியாறுகள் பாறையைத் தேய்த்த அடையாளங்கள் இருந்தன. ஆதலால் கண்டங்கள் யாவும் முன்னொரு காலத்தில் ஒரே நிலமாயிருந்து பிரிந்து நகர்ந்தன என்று 1912இல் வெளியிட்டு, 1915இல் நூலாகவும் எழுதினார்.

அறிஞருட் பலர் அதனை ஏற்றிலர். அத்துணைப் பெரிய நிலத்தை நகர்த்தும் சக்தி யாது என்பதே அவர்தம் வினா. அவ்வினா நியாயமானதே, வெக்னர் கூறிய காரணங்கள் அதற்குப் போதியனவாயில்லை. ஆயினும் அவர் சினங்கொள்ளவுமில்லை, சோர்வுறவுமில்லை. புதிய சான்றுகளைச் சேர்த்துத் தம் நூலைத் திருத்திக்கொண்டேயிருந்தார். அதன் நான்காம் பதிப்பு 1929இல் வெளிவந்தது.

1930இல் ஆராய்ச்சிக் குழுவொன்றின் தலைவராகக் கிறீன்லாந்து சென்றார். பனிப் பாலையின் நடுவே தங்கியிருந்த தோழர்களின் நிலையெண்ணி, கொடுங்குளிரில் நாய்கள் இழுக்கும் வண்டியிற் பயணஞ் செய்து அவர்களை அடைந்தார். அங்கிருந்த உணவு எல்லோருக்கும் போதாதெனக் கண்டு, தமது ஐம்பதாவது பிறந்தநாளன்று, ராஸ்முஸ் வில்லும்சன் என்னும் கிறீன்லாந்து இளைஞருடன் கரைநோக்கித் திரும்பினார். இருவரும் கரை சேரவில்லை. 1931 மே மாதத்தில் வெக்னரின் உடல் பனியினுள்ளே செவ்வனே அடக்கஞ் செய்யப்பட்டிருக்கக் காணப்பட்டது. அக்கடமையைச் செய்த இளைஞரை எவரும் மீண்டும் கண்டிலர்.

பின்னர் 1960ஆம் ஆண்டுகளில், கடலடித்தளம் நடுவே பிளந்து விரிவதைப் பாறைகளின் காந்தக் குறிகள் காட்டின. கண்டங்களைத் தாங்கிய தகடுகளே நகர்கின்றன என்பது தெளிவாயிற்று. இன்று செய்மதிகள் அந்நகர்வை ஆண்டுக்குச் சில சென்ரிமீற்றரென அளக்கின்றன. நாம் வாழும் இலங்கையும் ஒருகாலத்தில் அத்தென்பெருநிலத்தின் ஒரு துண்டமே.

பயன் கருதாது கடமை செய்க என்னும் கீதையின் நெறியை நாம் அடிக்கடி பேசுகின்றோம். வேறொரு நாட்டிற் பிறந்தும் அதன்வழி நின்றார் வெக்னர். எம் இளைஞர்கள் அவரிடமிருந்து கற்க வேண்டியவை இரண்டு: சான்றின்றி எதனையும் சாதியாமை; சான்று கண்டபின் எவர் மறுப்பினும் தளராமை.