கிளைவ் துரையும் கோவளத்துப் புதுச் சிப்பாய்களும்

சென்னைப் பரங்கிமலையில் 1963-ம் வருஷம் முதல் நடந்துவரும் ராணுவ அதிகாரிகள் பயிற்சிக் கலாசாலையில், ஏறக்குறைய ஓராண்டுக் காலம் பழகித் தேறிய வாலிபர்கள் அணிவகுத்து வெளியேறும் வைபவத்தை நம்மவரிற் சிலர் கண்டிருப்பர். அங்கிருந்து ஒருநாள் நடைதூரத்திலுள்ள கோவளத்திலோ, கலாசாலையின்றிச் சில தினங்களிலேயே முடிந்த பயிற்சி ஒன்று உண்டு. அதற்கு ஆசான் ராபர்ட் கிளைவ்.

1725-ல் இங்கிலாந்தில் ஷ்ராப்ஷயர் ஜில்லாவிற் பிறந்த இவர், 1744-ல் கும்பினியாரின் குமாஸ்தாவாகச் சென்னை வந்தவர். யுத்த சாஸ்திரத்தை எப்பள்ளியிலும் கற்றவரல்லர். 1746-ல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடிக்கவே, மாறுவேடத்தில் தப்பித் தேவனாம்பட்டினம் அடைந்து, மறுவருஷம் எழுதுகோலை வைத்துவிட்டு வாளெடுத்தார். 1751-ல் ஆர்க்காட்டில் ஐம்பது நாள் முற்றுகையைத் தாங்கிய கதை யாவரும் அறிந்ததே.

1752-ல் கோவளமும் செங்கற்பட்டும் பிரெஞ்சுக்காரர் வசமிருந்தன. அவற்றைப் பிடிக்கக் கிளைவுக்குக் கிடைத்தவர்கள், அப்பொழுதே கப்பலிலிருந்து இறங்கிய வெள்ளையர் இருநூற்றுவரும், புதிதாய்ச் சேர்த்த சிப்பாய்கள் ஐந்நூற்றுவருமே. துப்பாக்கி வெடியோசையே அவர்களுக்குப் புதிது. முன்னே சென்ற ஒரு பிரிவு கோட்டையருகிலுள்ள தோட்டத்தில் தங்கியிருந்தது. தலைவர் கூப்பர் குண்டுபட்டு இறந்ததும் எல்லோரும் ஓட்டமெடுத்தனர். எதிரே வந்த கிளைவ் தடுத்துத் திருப்பாவிடில் சென்னைக்கே போய்ச் சேர்ந்திருப்பர்! பின்னொருநாள் பீரங்கிக் குண்டு ஒன்று பாறையில் மோதவே, சிதறிய கற்சில்லுகளால் பதினால்வர் மாண்டும் காயமுற்றும் வீழ்ந்தனர். காவலிருந்த ஒருவன் ஒரு மணிநேரத்திற்குப் பின் பாழுங்கிணற்றினடியில் கண்டெடுக்கப்பட்டான்.

அவனைத் தூக்கிலிடுவது அக்காலப் படைகளில் அதிசயமன்று. கிளைவ் தண்டனையை நம்பவில்லை. குண்டு விழும் இடங்களில் தாமே போய் நின்றார். தலைவன் நிற்குமிடத்தில் தாம் ஓடுவது வெட்கமென்று அவர்களுக்குத் தோன்றலாயிற்று; இரண்டு மூன்று தினங்களில் கலங்காது வேலை செய்தனர். கோட்டை பணிந்தது. மறுநாட் காலை, அது விழுந்ததறியாது செங்கற்பட்டிலிருந்து வந்த உதவிப்படையை இதே புதியவர்கள் பதுங்கியிருந்து தாக்கி, ஏறக்குறைய நூற்றுவரை வீழ்த்தி, முந்நூற்றுவர்வரை சிறைகொண்டனர். அப்பால் செங்கற்பட்டுக் கோட்டையும் பணிந்தது.

1757-ல் பிளாசி வெற்றிக்குப் பின் கிளைவ் வங்காளத்தில் சேர்த்த பொருளை யாம் மெச்ச வரவில்லை. அதுபற்றி அவருடைய நாட்டுப் பார்லிமெண்டே விசாரித்தது. 1774-ல் மாண்டார். கோவளத்திற் பழகிய ஐந்நூறு சிப்பாய்களோ இந்நாட்டவர். சரித்திரத்தில் அவர்களுக்குத் தொகையுண்டு, பெயரில்லை.